ஆடலிசைக் காணொளியிற் காதல்

பாட்டும் ஆட்டமும் காதலும் பழைய உறவினர். எந்நாட்டின் பழம்பாடல்களை எடுத்து நோக்கினும், அவற்றுட் பெரும்பகுதி காதலைப் பொருளாகக் கொண்டிருத்தலையும், பல ஆடுதற்கென்றே எழுந்திருத்தலையும் காணலாம். ஆயினும் பாட்டுக் காதுக்கு மட்டும் உரியதாயிருந்த நிலை வேறு. அது கண்ணுக்கும் உரியதாகிய நிலை வேறு. 1981 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 1 ஆந் திகதி ஐக்கிய அமெரிக்காவில் எம்.ரி.வி. என்னுந் தொலைக்காட்சிச் சேவை தொடங்கிற்று. இசைத்தட்டு விற்பனைக்குத் துணையாக எடுக்கப்பட்டுவந்த மூன்று நான்கு நிமிடப் படங்கள் அதன்பின் ஒரு தனிக்கலையாக வளரலாயின. 2005 இல் யூரியூப் தோன்றியதும் அவை தொலைக்காட்சிப் பெட்டியை விட்டு நீங்கி, ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் வந்து குடியேறின. காதல் இன்னதென்பதை இன்றைய இளைஞர் கண்ணாற் கண்டறியும் இடங்களுள் இக்காணொளிகளும் ஒன்றாகிவிட்டன.

இவற்றைப் பற்றி இருவகைத் தீர்ப்புகள் வழங்கக் கேட்கிறோம். பெற்றோரும் ஆசிரியருமாகிய ஒரு சாரார், இவை பார்க்கத் தகாதவை என்று ஒதுக்குவர். இளைஞராகிய மறு சாரார், இவை ஆடிப்பாடி மகிழ்தற்குரியவையேயன்றி ஆராய்தற்குரியவையல்ல என்பர். ஒரு சாரார் கண்ணை மூடிக்கொண்டும், மறு சாரார் கண்ணைத் திறந்துவைத்துக் கருத்தை மூடிக்கொண்டும் கூறும் தீர்ப்புகள் இவை. காணொளியும் ஓர் ஆக்கமாயின், ஆக்கத்தை அளக்குங் கோலால் அதனை அளத்தலே முறை. மேனாட்டு ஆடலரங்குகளுக்கென ஆக்கப்பட்ட இசைக்கு அமைந்த காணொளிகள் சிலவற்றை எடுத்து, அவை காதலையும் ஆண் பெண் உறவையும் எவ்வாறு காட்டுகின்றன என்பதை ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தாளம் இடும் எல்லை

முதற்கண் இவ்விசையின் இயல்பை அறிதல் வேண்டும். ஆடலரங்கு இசையுள் ‘ஹவுஸ்’ எனப்படும் வகை 1980 களின் தொடக்கத்திற் சிக்காகோ நகரிற் பிறந்தது. அந்நகரின் ‘வெயர்ஹவுஸ்’ என்னும் ஆடலரங்கின் பெயரே குறுகி இவ்விசைக்குப் பெயராயிற்று என்பர். அங்கு இசைத்தட்டுகளை இணைத்து இசைத்த பிறாங்கி நக்கிள்ஸ் என்பார் இவ்விசைக்குத் தந்தையெனப் போற்றப்படுபவர். நிமிடத்துக்கு ஏறத்தாழ 120 முதல் 130 வரையான அடிகள், நான்கு நான்காக, ஒரே அழுத்தத்தோடு விழுவது இதன் தாள நடை. சொற்கள் மிகச் சில. ஒரு தொடரே பல்காலும் மீண்டுவரும். இசை மெல்ல மெல்ல ஏறும். ஏறி ஓரிடத்தில் மூச்சடக்கி நிற்கும். பின்னர்த் தாளம் முழுவதும் ஒருங்கே வந்து விழும். கூட்டம் கையுயர்த்தி ஆர்ப்பரிப்பது அவ்வேளையிலேயாம்.

இவ்வமைப்பைக் காதலோடு பொருத்திப் பார்க்குமிடத்து ஓர் உண்மை புலனாகும். தமிழ் இலக்கண நூலார் காதலின் ஒழுக்கத்தை ஐந்தாகப் பகுத்துக் கூடல், பிரிவு, ஆற்றியிருத்தல், இரங்கல், ஊடல் என உரிப்பொருள் வகுத்தனர். தமிழ் நிலத்துக்கென வகுக்கப்பட்ட இலக்கணத்தை அயலார் கலைமேல் ஏற்றிக் குற்றங் காண்டல் முறையன்று. எனினும், உறவின் பல நிலைகளையும் வேறுபடுத்திக் காண்பதற்கு இப்பகுப்பு நல்லதொரு விளக்காகும். ஏறி, நின்று, விழும் தாளம் கூடலின் வேகத்தைக் காட்டவல்லது. திடீரென அறுந்து நிற்கையிற் பிரிவையும் காட்டவல்லது. மீண்டும் மீண்டும் வரும் ஒரு தொடர் இரங்கலுக்கும் பொருந்தும். ஆனால், நாள்களைப் பொறுமையோடு கடத்தி அன்பைக் காத்திருக்கும் நிலையாகிய ஆற்றியிருத்தலைக் காட்ட இத்தாளத்துக்கு இயல்பாகவே இடமில்லை. ஆகவே, ஆடலிசைக் காணொளியிற் காதல் என்பது பெரும்பாலும் தொடக்கமும் முடிவுமாகவே அமைகின்றது, நடுப்பகுதி இல்லை. இவ்வெல்லையை அறியாத காணொளி உடலைக் காட்டி ஒழிகின்றது. அறிந்த காணொளி அவ்வெல்லையையே பொருளாக்குகின்றது. இதனை எடுத்துக்காட்டுகளால் நிறுவுவோம்.

உரியவர் அற்ற பார்வை

2004 இல் சுவீடனைச் சேர்ந்த எரிக் பிறிட்ஸ் வெளியிட்ட ‘கோல் ஒன் மீ’ (என்னை அழை) பிரித்தானிய விற்பனை வரிசையில் முதலிடம் பெற்ற பாடல். இதன் மூலம், ஆங்கிலப் பாடகர் ஸ்ரீவ் வின்வுட் 1982 இல் வெளியிட்ட ‘வலெரி’ என்னும் பாட்டு. பிரிந்து சென்ற பெண்ணொருத்தியை நினைந்து ஆண் ஏங்கும் பாட்டு அது. அதிற் கதையுண்டு, நினைவுண்டு, அவளுக்கு ஒரு பெயரும் உண்டு. பிறிட்ஸ் அப்பாட்டிலிருந்து வேண்டுகோள் ஒன்றை மட்டும் வெட்டியெடுத்துத் தாளத்தின்மேல் நிறுத்தினார். புதிய ஆக்கத்துக்கெனத் தம் குரலை மீளப் பதிவுசெய்து கொடுத்தவரும் வின்வுட்டே. இவ்வளவில் இழப்பு இல்லை. கதை நீங்க, ஏக்கம் மட்டும் எஞ்சி ஒலித்தல் இசைக்கு ஒரு சிறப்பாகவே அமையலாம்.

காணொளியோ அவ்வேக்கத்தையும் போக்கிவிட்டது. உடற்பயிற்சி வகுப்பொன்றில் இளம்பெண்கள் பலரும் ஆடவன் ஒருவனும் தாளத்துக்கேற்ப உடலை அசைக்கின்றனர். படக்கருவி முகங்களிற் சிறிதே தங்கி, உறுப்புகளில் நெடிது தங்குகின்றது. அழைப்பாயாக என்று இரக்குங் குரல் யாருடையது, யாரை நோக்கியது என்பதற்கு விடையில்லை. இதற்கு ஓராண்டு முன், 2003 இல், இத்தாலியரான பெனி பெனாசியின் ‘சற்றிஸ்பக்சன்’ (நிறைவு) என்னும் பாடலுக்கு வந்த காணொளியும் இவ்வினத்ததே. துளைகருவி முதலிய கட்டடத் தொழிற் கருவிகளைப் பெண்கள் இயக்குவதாக அது காட்டும். விளம்பரத்தை எள்ளி நகையாடும் நோக்கம் அதற்கு உண்டென்பர். எள்ளுவதற்காக எடுத்துக்கொண்ட பண்டத்தையே விற்றுத் தீர்த்த எள்ளல் அது.

ஈண்டு ஒரு தடை எழலாம். பெண்ணின் உறுப்பு நலம் பாராட்டல் தமிழிலக்கியத்திலும் உண்டன்றோ? நலம் புனைந்துரைத்தல் என ஒரு துறையே வகுத்தோர் மேனாட்டாரைக் குறைகூறல் தகுமோ? தடை நியாயமானதே. ஆனால், அகப்பாட்டில் நலம் புனைபவன் ஒருவன் உளன். அவன் யார், எதை வேண்டுகின்றான், யாரிடத்துக் கூறுகின்றான் என்பனவெல்லாம் அறியக்கிடக்கின்றன. தலைவி மறுக்கலாம், தோழி நகைக்கலாம், பாங்கன் இடித்துரைக்கலாம். பார்ப்பவன் தன் பார்வைக்குப் பொறுப்பேற்று நிற்கின்றான். ஒருதலைக் காதலாகிய கைக்கிளையிலும் காதலிப்பவன் ஒருவன் இருந்தே தீரவேண்டும். மேற்கூறிய காணொளிகளிற் பார்வை உண்டு, பார்ப்பவன் இல்லை. எனவே அவற்றைக் கைக்கிளை என்றல்தானும் பொருந்தாது. அவற்றின் குறை உடலைக் காட்டியமையன்று. உடல்களுக்கிடையே எவ்வுறவையும் காட்டாமை.

தஞ்சம் தந்த அரங்கு

இவ்விசை முழுவதையும் மேற்கூறியவற்றைக் கொண்டு மதிப்பிடுவோர் இதன் பிறப்பை மறந்தவராவர். வெயர்ஹவுஸ் அரங்கில் முதன்முதற் கூடியோருட் பெரும்பாலார், கறுப்பினத்தோரும் இலத்தீன் அமெரிக்க வழியினருமாகிய, தம் பாலினத்தாரையே விரும்பும் மக்கள். ஊரும் உறவும் ஏற்க மறுத்த அன்பை மறைவின்றி வெளிப்படுத்த அவர்க்குக் கிடைத்த இடம் ஆடலரங்கே. ஆகவே ஆடுதல் அவர்க்குக் களியாட்டம் மட்டுமன்று, தஞ்சமும் ஆயிற்று.

அதே காலத்தில் இலண்டனிலிருந்து வந்த ஒரு காணொளி இதனை நன்கு விளக்கும். 1984 இல் ‘புறொன்ஸ்கி பீற்’ என்னுங் குழுவினர் வெளியிட்ட ‘சிமோல்ரவுண் போய்’ (சிற்றூர்ப் பையன்) ஆடுதற்கேற்ற துள்ளல் நடையுடையது, பொருளோ துயரமானது. நீச்சற் குளத்தில் மற்றோர் இளைஞனை விரும்பி நோக்கிய பையன் அடித்துத் துன்புறுத்தப்படுகின்றான். பொலிசார் அவனை வீட்டிற் கொண்டுவந்து விடுகின்றனர். மறைவு வெளிப்பட்டபின் அவன் வீட்டைவிட்டு நீங்குகின்றான். தந்தை பணம் கொடுக்கின்றார். மகன் நீட்டிய கையைப் பற்ற மறுக்கின்றார். புகைவண்டி அவனைச் சுமந்து செல்கின்றது. உடன்போக்கில் மகளை இழந்த தாயின் புலம்பலைத் தமிழ்க் கவிஞர் பலபடப் பாடியுள்ளனர். அங்கே போவோர் இருவர். இங்கே போகின்றவன் தனியன். காதல் தொடங்குமுன்னரே அதற்குரிய தண்டனை வந்துவிட்டது. பற்றப்படாத அந்த ஒரு கை, உறவு அறுதல் என்பது எத்துணைச் சிறு செயலால் நிகழ்கின்றது என்பதை ஒரு சொல்லுமின்றிக் காட்டிவிடுகின்றது.

ஆடாத ஆடற்பாட்டு

பிரிவைப் பாடிய காணொளிகளுள் தலையாயது ‘அன்ஃபினிஷ்ட் சிம்பதி’ (முற்றுப்பெறாத பரிவு) எனலாம். இங்கிலாந்தின் பிறிஸ்ரல் நகரத்துக் குழுவினரான ‘மசிவ் அற்ராக்’, ஷாரா நெல்சனின் குரலில் 1991 இல் இதனை வெளியிட்டனர். பெயர், சூபேட்டின் முற்றுப்பெறாத சிம்பனியை நினைவூட்டுஞ் சிலேடை. நெறியாளர் பெய்லி வால்ஷ், லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் மேற்குப் பீக்கோ வீதியில் நெல்சனை நடக்கவிட்டார். படக்கருவி இடையறாது அவரைத் தொடர்ந்தது. வெட்டு இல்லாத ஒரே காட்சி. ஐந்து நிமிடத்துக்கு ஒரு நடை. காதலன் காட்சியில் வரவேயில்லை. கடைகளும், சிறுவரும், ஊனமுற்றோரும், வேலையற்று நிற்போரும் கடந்து செல்கின்றனர். அவர் எவரையும் நோக்குவதில்லை. அவரையும் எவரும் நோக்குவதில்லை.

ஆடற்பாட்டொன்றின் காணொளியில் ஆட்டமே இல்லை என்பது முதற்பார்வைக்கு வியப்பளிக்கும். ஆனால் பாட்டின் பொருளை அறிந்தார்க்கு அதுவே தகுதியெனப் படும். துயருற்றவர் உலகத்தைக் காண்பதில்லை. உலகமும் அவர்பொருட்டுத் தன் அலுவலை நிறுத்துவதில்லை. ஒருவர் இழப்பு ஊரெல்லாம் நிறைந்திருக்க, ஊர் அதனை அறியாதிருத்தல் பிரிவின் கொடுமைகளுள் ஒன்று. காட்சியை ஓரிடத்திலும் வெட்டாமையால், நெறியாளர் பார்ப்போர்க்கும் தப்பும் வழியை அடைத்துவிட்டார். வேறோரிடத்துக்குத் தாவி ஆறுதல் பெற இயலாது. நெல்சனோடு நடந்தேயாக வேண்டும். தாளத்தின் வேகத்துக்கு நடையின் நிதானத்தை எதிர்நிறுத்தி, தாளத்தாற் கூற இயலாத ஒன்றைக் காணொளி கூறிற்று.

மூன்றாமவள் பேச்சு

சுவீடனைச் சேர்ந்த றொபின் என்னும் பாடகி அடுத்தடுத்த ஆண்டுகளில் வெளியிட்ட பாடல்கள் இரண்டு ஒப்புநோக்கத் தக்கன. 2010 இல் வந்த ‘டான்சிங் ஒன் மை ஓன்’ (தனியே ஆடுகின்றேன்), தான் விரும்பியவன் வேறொருத்தியோடு கூடியிருத்தலை அரங்கின் மூலையில் நின்று கண்டு, அங்கேயே தனித்து ஆடும் பெண்ணின் கூற்று. 2011 இல் வந்த ‘கோல் யுவர் கேள்ஃபிரென்ட்’ (உன் காதலியை அழை), இதன் மறுதலை. இதிற் பேசுபவள், மற்றொருத்தியிடமிருந்து ஆடவனைக் கவர்ந்தவள். முன்னவளுக்குச் செய்தியை எவ்வாறு சொல்லவேண்டும், எச்சொற்களால் அவள் மனம் புண்படாது காக்கவேண்டும் என அவனுக்குக் கற்பிக்கின்றாள். இரண்டையும் பாடுபவர் ஒருவரே. இழந்தவளின் நோவை ஓராண்டுக்கு முன் பாடிய குரலே வென்றவளின் குரலாகவும் வருகையில், வெற்றியின் அடியில் நோவின் நினைவு கிடத்தலைக் கேட்போர் உணர்வர்.

பரந்து வெறுமையாய்க் கிடக்கும் கூடமொன்றில் றொபின் தனித்து ஆடுவதே இரண்டாம் பாடலின் காணொளி. இதுவும் வெட்டில்லாத ஒரே காட்சி. விளக்குகள் நிறம் மாறுகின்றன. அவர் துள்ளுகின்றார், நிலத்தில் உருள்கின்றார், எழுகின்றார். வென்றவள் அருகே வெல்லப்பட்ட ஆடவன் இல்லை. சொற்களிற் பெருந்தன்மை, உடலில் அமைதியின்மை. தான் கற்பிக்கும் அதே மென்சொற்கள் ஒருநாள் தன்னிடமும் சொல்லப்படலாம் என்பதை அவள் அறிவாள் போலும் என எண்ணத் தோன்றுகின்றது.

இத்தகையாள் ஒருத்தியைப் பேசவைத்தல் தமிழர்க்குப் புதிதன்று. குறுந்தொகையின் 8 ஆம் பாட்டில் ஆலங்குடி வங்கனார் பரத்தையைப் பேசவைத்தார். தன்னிடத்துப் பெருமொழி கூறிய ஆடவன், தன் வீட்டில் மனைவி ஆட்டியவாறு ஆடுகின்றான் என அவள் எள்ளுகின்றாள். எள்ளலினுள்ளே, அவன் தனக்கு முழுதும் உரியனாகான் என்னும் உண்மையும் உண்டு. மருதத் திணையின் ஊடல், மனைவி ஒருத்தியின் நியாயத்தோடு முடிவதன்று. எதிர்த்தரப்புக்கும் நாவு தந்தது. அறத்தீர்ப்பை விரைந்து வழங்காது, குற்றஞ்சாட்டப்படுபவளின் உள்ளத்தையும் திறந்துகாட்டல் உயர்ந்த கலையின் இயல்பு. றொபினின் பாடலை அவ்வியல்பு பற்றியே பாராட்ட வேண்டும்.

தாளமே நோயாதல்

இசையின் எல்லையைத் தெரிந்தே பொருளாக்கிய காணொளி, 2011 இல் வெளிவந்த ‘வீ ஃபவுண்ட் லவ்’ (காதலைக் கண்டோம்) ஆகும். ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த கல்வின் ஹரிஸ் இசையமைக்க, பார்படோஸ் நாட்டவரான றிஹானா பாடினார். மெலினா மற்சூக்கஸ் வட அயர்லாந்திற் படமாக்கினார். சிறந்த குறுங்காணொளிக்கான கிறாமி விருது 2013 இல் இதற்கு வழங்கப்பட்டது. போதைப்பொருளையும் புகைத்தலையும் காட்டியமைபற்றிக் கண்டனமும் எழுந்தது.

வறுமை தோன்றும் குடியிருப்பொன்றில் வாழும் இளையோர் இருவரின் கதை இது. நகைத்தும், ஓடியும், வயல்வெளியிற் கூட்டத்தோடு ஆடியும் களிக்கின்றனர். தாளம் ஏறுந்தோறும் காட்சிகள் விரைகின்றன. மாத்திரைகளும், விரியும் கண்மணியும், வாண வேடிக்கையும் மாறிமாறி வருகின்றன. தாளம் வீழ்கையிற் களிப்பும் உச்சமடைகின்றது. ஆனால் தாளம் மீண்டும் ஏறும்போது அதே வேகத்திற் சினமும் ஏறுகின்றது. காருக்குள் சச்சரவு; வீதியில் வசை. களிப்பையும் பூசலையும் ஒரே இசை சுமக்கின்றது. முடிவில், போதையிற் கிடக்கும் அவனை விட்டு அவள் நீங்குகின்றாள்.

இக்காணொளியின் நுட்பம் இங்கேதான் உள்ளது. ஆடற்பாட்டின் ஏற்றமும் வீழ்வும் கேட்போர்க்கு இன்பந் தருவன. மீண்டும் வேண்டுமென விழையச் செய்வன. அவ்விழைவே அவ்விருவரையும் பிணித்த நோய் என மற்சூக்கஸ் காட்டிவிட்டார். அவர்கள் காதலித்தது ஒருவரையொருவரா, அல்லது அந்த ஏற்றத்தையா என்னும் வினா எழுகின்றது. ஏற்றத்துக்கும் ஏற்றத்துக்கும் இடையே வாழத் தெரியாமையே அவர்கள் பிரிவுக்குக் காரணம். ஆற்றியிருத்தல் இல்லாத காதல் எங்ஙனம் முடியும் என்பதை, ஆற்றியிருத்தலைக் காட்ட இயலாத ஒரு கலை தன் இயலாமையைக் கொண்டே உணர்த்திற்று. கண்டித்தோர் மாத்திரையைக் கண்டனர். அவள் கதவைக் கடந்து போனமையைக் காணத் தவறினர். தன்னை அழிக்கும் அன்பை விட்டு நீங்கலும் ஓர் அறிவே என்பதை இளம்பெண்ணொருத்திக்கு இதைவிடத் தெளிவாக உணர்த்தும் பாடற்படம் அரிது.

இசை நின்றபின்

இங்ஙனமாயின், நிலைத்த அன்பைக் காட்டும் ஆடலிசைக் காணொளி ஒன்றேனும் இல்லையோ? உண்டு. பிரித்தானியராகிய ஃபற்போய் சிலிம் என்பார் 1998 இன் இறுதியிலும் 1999 இலும் பரப்பிய ‘பிறெயிஸ் யூ’ (உன்னைப் புகழ்வேன்) அத்தகையது. துன்பத்திலும் இன்பத்திலும் நெடுவழி உடன்வந்த ஒருவரைப் போற்றுதல் அப்பாட்டின் பொருள். 1975 இல் கமில் யாபறோ பாடிய பாட்டொன்றிலிருந்து குரல் எடுக்கப்பட்டது. நெறியாளர் ஸ்பைக் ஜோன்ஸ், லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிற் படமாளிகை ஒன்றின் வாயிலில், முன் அனுமதி எதுவுமின்றி, ஊர் மன்றத்து நடனக் குழுவினர் போன்ற சிலரை ஆடவிட்டுப் படமெடுத்தார். ஆட்டத்தில் நேர்த்தி இல்லை, ஆடுவோரிடத்துக் கவர்ச்சி இல்லை, ஆடை எளியது. கியூவில் நிற்போர் வியந்தும் நகைத்தும் நோக்குகின்றனர். நடுவே, படமாளிகைப் பணியாள் ஒருவர் வந்து இசைப்பெட்டியை நிறுத்திவிடுகின்றார். குழுத்தலைவன் அவரைத் தாவிக் கட்டிக்கொள்கின்றான், இசை மீள்கின்றது, ஆட்டம் தொடர்கின்றது. அவ்வாண்டு எம்.ரி.வி. இதற்கு வழங்கிய விருதுகளுள் சிறந்த நடன அமைப்புக்கான விருதும் ஒன்று.

காதலர் இருவரை இதிற் காணோம், முத்தமில்லை, பிரிவுமில்லை. ஆயினும், முன்கூறிய எக்காணொளியிலும் இல்லாத நடுப்பகுதி இதில் உண்டு. பலநாள் ஒருங்கே பயின்றவர் தம்முள் கொண்ட நம்பிக்கை உண்டு. பிறர் நகைப்பைப் பொருட்படுத்தாத உறுதி உண்டு. இசை நிறுத்தப்பட்டபோதும் எவரும் குழுவை விட்டு ஓடவில்லை. தாளத்தாற் காட்ட இயலாத நிலைபேற்றை, தாளம் நின்றுபோன அச்சில நொடிகள் காட்டிவிட்டன.

இதுகாறும் ஆராய்ந்தவற்றாற் பெறப்படுவது இது. ஆடலிசைக் காணொளியை ஒரே இனமெனக் கொண்டு போற்றலும் தூற்றலும் பொருந்தா. ஒவ்வொன்றையும் நோக்கி, இதிற் பார்ப்பவர் யார், பேசுபவர் யார், எதிரே நிற்பவர்க்கும் மறுமொழி கூற இடமுண்டா, இசை நின்றபின் இவ்வுறவு நிற்குமா என நான்கு வினாக்களைத் தொடுத்தல் வேண்டும். முதல் வினாவிலேயே வீழ்வன பல. நான்கையும் தாங்குவன சில. குறுந்தொகைப் பாட்டொன்றில் இது யார் கூற்று, யாரை நோக்கியது என வகுப்பறையில் வினாவப் பழகிய மாணவனுக்கு இவ்வினாக்கள் புதியனவல்ல. கையிலுள்ள திரையைப் பறித்தல் எளிது. பறித்தபின் அவன் வேறோரிடத்திற் காண்பான். திரையை நோக்கி வினவக் கற்பித்தலோ அரிது. அவ்வரிய செயலே இலக்கியங் கற்பிப்போரின் கடமையாகும்.